29 வாரம், முதல் குழந்தை, முன்கூட்டியே பிறக்கலாம் என்கிறார்கள்: என்ன தயார் செய்வது?

கேட்டவர் ஏற்காடு நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்தில் குடியிருக்கும் பெண். முதல் கர்ப்பம், 29 வாரம். சேலத்தில் ஸ்கேன் எடுத்தபோது கர்ப்பப்பை வாயின் நீளம் குறைந்திருக்கிறது, குழந்தை மாதம் நிறையும் முன்பே பிறக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "ஏழு மாசக் குழந்தை தங்கும், எட்டு மாசக் குழந்தை தங்காது" என்று வீட்டில் அம்மாயி சொல்கிறார். வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. என்ன தயார் செய்ய வேண்டும், சீக்கிரம் பிறந்தால் என்னென்ன நடக்கும், குழந்தைக்கு இப்போதே துணிமணி வாங்கலாமா, இவை அவருடைய கேள்விகள்.

நான் சேலத்தில் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 13 வருடமாக நர்ஸாக வேலை செய்கிறேன். அதற்கு முன்பு, 2011-ல், என் மூத்த மகன் 31 வாரத்தில் 1,380 கிராம் எடையில் பிறந்தான். அப்போது நான் வேறு வார்டில் இருந்தேன். நர்ஸாக இருந்தும் குறைமாதக் குழந்தையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அதனால் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவளாகச் சொல்கிறேன்.

முதலில் அம்மாயி சொன்னது. ராத்திரி உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுவாகத்தான் இருக்கும். எங்கள் பிரிவுக்கு வரும் பத்துக் குடும்பத்தில் ஆறு குடும்பமாவது இதையே கேட்கிறது. அதில் உண்மை கிடையாது. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். 28 வாரத்துக் குழந்தையைவிட 30 வாரத்துக் குழந்தை தெம்பாக இருக்கும், அதைவிட 33 வாரத்துக் குழந்தை. நடுவில் எந்த மாதத்திலும் இது தலைகீழாக மாறுவதில்லை. 37 வாரம் முடிவதற்கு முன் பிறந்தால் குறைமாதம், 32-க்கு முன் என்றால் மிகக் குறைமாதம், 28-க்கு முன் என்றால் அதிலும் சிரமமான கட்டம் என்று மருத்துவத்தில் பிரித்து வைத்திருக்கிறார்கள். உலகத்தில் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஒன்று குறைமாதம்தான்.

அம்மாயி காலத்தில் எட்டு மாதக் குழந்தைகள் தவறிப்போனதை அவர் கண்ணால் பார்த்திருப்பார். அதை நான் மறுக்கவில்லை. 1963-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கே ஒரு மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, நுரையீரல் விரியாமல் இரண்டு நாளுக்குள் இறந்துபோனான். இரண்டு கிலோவுக்கு மேல் இருந்த குழந்தை. அன்றைக்கு அந்த நாட்டின் பெரிய டாக்டர்களிடமும் அதற்கு மருந்து இல்லை. இன்றைக்கு அதே வாரத்தில், அதே எடையில் சேலத்தில் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் ஒன்றிரண்டு வாரத்தில் அம்மா மடியில் வீட்டுக்குப் போகிறார்கள். நடுவில் வந்தவை மூன்று நான்கு விஷயங்கள். அவற்றை நீங்கள் தெரிந்துகொள்வதும், அவை கிடைக்கிற இடத்தில் நீங்கள் இருப்பதும்தான் உங்கள் தயாரிப்பு. பையில் என்ன எடுத்து வைப்பது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

அதனால் என் முதல் பதில்: மலையிலிருந்து இறங்கி வந்துவிடுங்கள். இந்த வாரமே.

நாகலூரிலிருந்து ஏற்காடு வந்து, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிவாரம் வந்து, அப்புறம் சேலம். பகலில், பனிமூட்டம் இல்லாத நாளில் சரி. ராத்திரி இரண்டு மணிக்குப் பனிக்குடம் உடைந்தால்? 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றதை நீங்கள் அங்கேயே இருந்து பார்த்திருப்பீர்கள். மாதம் நிறைந்த பிரசவம் என்றால் ஏற்காடு அரசு மருத்துவமனையிலேயே சமாளிக்கலாம். உங்களுக்குத் தேவைப்படப் போவது பச்சிளம் குழந்தை ஐசியூ உள்ள இடம். பிறந்த பிறகு குழந்தையை மட்டும் ஆம்புலன்ஸில் கொண்டுவருவதைவிட, வயிற்றில் வைத்தே அம்மாவைக் கொண்டுவருவதுதான் நல்லது. ஒரு கிலோ குழந்தைக்கு அந்த ஒரு மணி நேரக் குளிரும் குலுக்கலும் பெரிய சேதம். அடிவாரத்திலோ கோரிமேட்டிலோ அஸ்தம்பட்டியிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே வந்து தங்குங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் பேசுங்கள். மலைக்கிராமத்துப் பெண்கள் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்குவதற்குச் சில அரசு மையங்களில் அறை வைத்திருக்கிறார்கள். இடம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

எந்த மருத்துவமனை என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். 30 வாரக் குழந்தையை இங்கேயே பார்ப்பீர்களா, வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா? சிபாப் (மூக்கு வழியாகக் காற்றை அழுத்திக் கொடுக்கும் கருவி), வென்டிலேட்டர் இரண்டும் இருக்கிறதா? அம்மா உள்ளே போய்க் குழந்தையைத் தொடலாமா, எத்தனை மணி நேரம் இருக்கலாம்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை நன்றாகக் கவனியுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்கான பிரிவு இருக்கிறது, தாய்ப்பால் வங்கியும் இருக்கிறது. தனியாரில் பார்ப்பதானால் ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பாதியில் பணம் தீர்ந்து, குழந்தையை இடம் மாற்றும் குடும்பங்களைப் பார்த்து மனது வெந்திருக்கிறேன். குறைமாதக் குழந்தையின் சிகிச்சை நாள் கணக்கில் இருக்காது, வாரக் கணக்கில் இருக்கும்.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. முதல் பிரசவம் என்பதால் வலி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. குறைமாத வலி பல பேருக்கு வலியாகவே வராது. வயிறு கல் மாதிரி இறுகி, கொஞ்ச நேரத்தில் தளரும். ஒரு மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் அப்படி வந்தால் காத்திருக்க வேண்டாம். மாதவிடாய் நேரத்தில் வருவது போல இடுப்பு வலி, அடிவயிற்றில் எதுவோ கீழே அழுத்துகிற உணர்வு, ரத்தம் கலந்த சளி, உள்பாவாடை நனைகிற அளவுக்குத் தண்ணீர், இதெல்லாம் அப்படியே. தண்ணீர் என்றால் சிறுநீராக இருக்கும் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். பனிக்குட நீர் பல நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசியும். விடாத தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குவது, மேல்வயிற்றில் வலி வந்தால் அது பிரஷர் சம்பந்தப்பட்டது, அதுவும் அவசரம்தான். குழந்தையின் அசைவு குறைந்தாலும் போங்கள். பத்துத் தடவை போய்ப் பத்துத் தடவையும் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தாலும் பரவாயில்லை. 108-க்குச் சொல்லும்போது எத்தனை வாரம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்தால் அதையும் அலட்சியம் செய்யாதீர்கள், சிறுநீர்த் தொற்றும் வலியைக் கிளப்பிவிடும்.

இப்போது அந்த மூன்று நான்கு விஷயங்களுக்கு வருகிறேன். முதலாவதை எங்கள் ஊரில் 'நுரையீரல் ஊசி' என்பார்கள். 1972-ல் நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இரண்டு மருத்துவர்கள் கண்டு சொன்னது. குழந்தை சீக்கிரம் பிறக்கப் போகிறது என்று தெரிந்தால் அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். அது குழந்தைக்குப் போய், நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கான வழுவழுப்பைச் சுரக்க வைக்கிறது. டெக்ஸாமெத்தசோன் என்றால் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 ஊசி, பீட்டாமெத்தசோன் என்றால் 24 மணி நேர இடைவெளியில் 2. முதல் ஊசி போட்டு ஒரு நாள் கழிந்த பிறகு, ஒரு வாரத்துக்குள் குழந்தை பிறந்தால் முழுப் பலன். அதனால்தான் வலி வந்ததும் வந்துவிடுங்கள் என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறோம். வலியைத் தள்ளிப்போட மாத்திரை கொடுப்பார்கள், ஆனால் அது பிரசவத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காது. இந்த ஊசி வேலை செய்வதற்கான இரண்டு நாளை வாங்கித் தரும், அவ்வளவுதான். 32 வாரத்துக்கு முன் பிறக்கும் என்று தெரிந்தால் குழந்தையின் மூளையைக் காப்பதற்காக மெக்னீசியம் மருந்தும் ஏற்றுவார்கள். அது ஏறும்போது உடம்பெல்லாம் தீயாகக் கொதிக்கும். ஏதோ தப்பாகிவிட்டது என்று பயப்படாதீர்கள், அந்த மருந்து அப்படித்தான். "எனக்கு நுரையீரல் ஊசி எப்போது?" என்று நீங்களே வாய்விட்டுக் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

வளைகாப்பு வேண்டுமா என்றால், செய்யுங்கள். இறங்கி வந்து தங்கும் வீட்டிலேயே, உட்கார்ந்தபடி, நெருங்கியவர்களோடு. நூறு பேரைக் கூட்டி நான்கு மணி நேரம் பட்டுப்புடவையில் நிற்க வேண்டாம். அதே சமயம் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் குழந்தை நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். முழு நேரப் படுக்கை குறைமாதப் பிரசவத்தைத் தடுப்பதாக நிரூபணம் இல்லை, காலில் ரத்தம் உறைவதற்குத்தான் வழி செய்யும். எவ்வளவு நடக்கலாம், என்ன மாத்திரை, கர்ப்பப்பை வாயில் தையல் தேவையா என்பதெல்லாம் உங்களை ஸ்கேன் பார்த்த டாக்டர் முடிவு செய்வது. "காப்பித் தோட்டத்தில் சரிவில் ஏறி இறங்கினேன், அதனாலா?" என்று கேட்டிருந்தீர்கள். கர்ப்பப்பை வாய் குறுகுவது உங்கள் நடையால் வந்தது அல்ல. பல குறைமாதப் பிரசவங்களில் காரணமே தெரிவதில்லை. இந்தக் கேள்வியை மட்டும் நீங்கள் கீழே இறக்கி வைத்துவிட வேண்டும்.

சரி, பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அறை நிறைய ஆட்கள் இருப்பார்கள். குழந்தை அழலாம், அழாமலும் இருக்கலாம். துடைத்து, தொப்பி போட்டு, சின்னக் குழந்தை என்றால் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, சூடு கொடுக்கும் மேசைக்குக் கொண்டுபோவார்கள். அந்த நேரத்தில் யாரும் உங்களோடு பேச மாட்டார்கள். எல்லோருடைய கையும் குழந்தை மேல் இருக்கிறது என்பதுதான் காரணம்.

எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். என் மகனை எடுத்துக்கொண்டு போன பிறகு நான்கு நாள் அவனைக் கண்ணாடி வழியாக மட்டும்தான் பார்த்தேன். "வெளியே இரும்மா, தொற்று வந்துவிடும்" என்றார்கள். மூன்றாம் நாள் மார் கட்டி ஜுரம் வந்தபோதுதான் பால் எடுக்க வேண்டும் என்று ஒரு ஆயா சொன்னார். அதுவரை யாருமே சொல்லவில்லை. அந்த மூன்று நாள் சீம்பால் என் பிள்ளைக்குப் போகவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் தாங்க முடியாது. நான் இந்தப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வந்ததே அதனால்தான். அதனால் நீங்கள் மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று: அந்த அறைக்கு நீங்கள் பார்வையாளர் கிடையாது. குழந்தைக்கு நடக்கும் சிகிச்சையில் பாதி உங்கள் உடம்பிலிருந்து வருகிறது.

முதல் நாள் உள்ளே வரும்போது கை கழுவும் தொட்டி முன்னால் நிறுத்துவோம். மோதிரம், கயிறு, வளையல் எல்லாம் கழற்றி முழங்கை வரை சோப்புப் போட வேண்டும். போன மாதம் ஒரு பெண், உங்களைப் போல முதல் பிரசவம், வளைகாப்பு முடிந்து ஆறே நாளில் பிரசவமாகி வந்தாள். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். வீங்கிய கையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. சோப்பு நுரை போட்டு ஒவ்வொன்றாக நான் கழற்ற, அவள் அம்மா முந்தானையில் வாங்கிக்கொண்டே இருந்தார். பச்சையும் சிவப்புமாக மடி நிறைந்துவிட்டது. கடைசி வளையல் மட்டும் உடைந்தது. அபசகுனமோ என்று இரண்டு பேர் முகமும் சுண்டிவிட்டது. "வளையலை எடுத்ததே பிள்ளையைத் தொடத்தானே" என்று சொல்லி உள்ளே கூட்டிப்போனேன். குழந்தை இருந்த இன்குபேட்டர் பெட்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, அவள் விரலைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்தேன். பிடித்துக்கொண்டது. 1,100 கிராம் குழந்தையும் பிடிக்கும். தடவக் கூடாது, மெல்லிய தோல் கொண்ட குழந்தைக்குத் தடவல் எரிச்சல் தரும். ஒரு கையைத் தலையிலும் இன்னொரு கையைக் காலடியிலும் அசையாமல் வைத்தால் அமைதியாகிவிடும்.

உள்ளே பார்க்கப் போவதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை ஒல்லியாக, சிவந்து, முதுகிலும் தோளிலும் மெல்லிய முடியோடு இருக்கும். மூக்கில் சிபாப் குழாய். அது காற்றை விடாமல் மெல்ல அழுத்திக் கொடுத்து நுரையீரல் சுருங்காமல் வைத்திருக்கும். வாய் வழியாகப் பால் போகும் குழாய், தொப்புளிலோ கையிலோ சலைன். நுரையீரலில் அந்த வழுவழுப்பு போதவில்லை என்றால் சர்ஃபாக்டன்ட் என்ற மருந்தை மூச்சுக்குழாய்க்குள் நேராகவே கொடுப்பார்கள். மானிட்டர் அடிக்கடி கத்தும். பாதி நேரம் ஒயர் நழுவியதால்தான் கத்தும். மீதி நேரம் குழந்தை மூச்சு விட மறந்திருக்கும். ஆமாம், குறைமாதக் குழந்தை நிஜமாகவே மறந்துவிடும், மூளை இன்னும் பழகவில்லை. நாங்கள் உள்ளங்காலைச் சுண்டினால் திரும்ப விடும். இதற்குக் கொடுக்கும் மருந்து என்ன தெரியுமா? கஃபீன். உங்கள் தோட்டத்துக் காப்பிக்கொட்டையில் இருக்கிற அதே சத்துதான், அளந்து சுத்தப்படுத்தி மருந்தாகக் கொடுக்கிறோம். ஏற்காட்டு அம்மாக்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் கொஞ்சம் தெளியும், தெரிந்த ஒன்று அந்த அறைக்குள் இருக்கிறதே என்று.

பால் பற்றி நான் நிறையச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சி, விழுங்கி, நடுவில் மூச்சும் விடுகிற ஒழுங்கு வந்திருக்காது. அதனால் நேரடியாக மார்பில் குடிக்காது. ஆனால் பால் வேண்டும், அதுவும் உங்களுடைய பால். குறைமாதக் குழந்தையின் குடல் அழுகிப்போகும் ஒரு கொடிய நோய் உண்டு. அது தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குக் குறைவாகவே வருகிறது. பிரசவமான ஒரு மணி நேரத்தில், முடியாவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள், கையால் பிழிந்து எடுக்கத் தொடங்குங்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் காம்புக்கு ஓர் அங்குலம் தள்ளி, உள்பக்கம் அழுத்தி, பிறகு சேர்த்துப் பிழிய வேண்டும். காம்பையே கிள்ளி இழுத்தால் வலிதான் மிஞ்சும். முதல் நாள் நான்கைந்து சொட்டு வரும். மஞ்சளாக, பிசுபிசுவென்று. "இவ்வளவுதானா" என்று அழாத அம்மாவை நான் பார்த்ததில்லை. அந்தச் சொட்டுகளை ஒரு மில்லி சிரிஞ்சில் உறிஞ்சி, குழந்தையின் கன்னத்து உள்பக்கம் தடவுவோம். முதல் நாட்களில் குழந்தைக்கு ஒரு வேளைக்குத் தேவையே ஒரு மில்லியோ இரண்டோதான். ஒரு நாளைக்கு எட்டுத் தடவைக்குக் குறையாமல் எடுங்கள், ராத்திரியில் ஒரு தடவை கட்டாயம். அந்த ராத்திரிப் பால்தான் சுரப்பை நிற்க வைக்கும். எடுத்ததை ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் வைக்கலாம். சேலம் வெயிலில் வெளியே வைத்துவிட்டுக் கதை பேசாதீர்கள், எடுத்ததும் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.

பால் நன்றாக ஊறுவதற்குள் தேவை என்றால் வங்கிப் பால் கேளுங்கள். வேறு அம்மாக்கள் கொடுத்தது, பரிசோதித்துச் சூடாக்கிச் சுத்தம் செய்தது.

இன்னொன்று, கங்காரு பராமரிப்பு. 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், பெட்டிகள் பற்றாத ஆஸ்பத்திரியில் எட்கர் ரே என்ற டாக்டர் ஆரம்பித்து வைத்தார். குழந்தைக்குத் தொப்பி, டயப்பர் மட்டும். உங்கள் மார்புக்கு நடுவில் நிமிர்ந்த வாக்கில், தவளை மாதிரி கை கால் மடக்கி, முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கும்படி வைத்து, துணியால் கட்டிவிடுவோம். உங்கள் தோலின் சூடுதான் அதற்குப் பெட்டி. ஏழையின் இன்குபேட்டர் என்று நினைக்க வேண்டாம். குழந்தை முழுக்கத் தேறும் வரை காத்திருக்காமல், பிறந்த உடனேயே தொடங்கலாம், ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை வைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொல்லிவிட்டது. என் மகனை அப்படி என் மேல் வைத்தது பன்னிரண்டாம் நாள். அதுவரை நூற்று எழுபது, நூற்று எண்பது என்று ஓடிக்கொண்டிருந்த அவன் இதயத் துடிப்பு பத்து நிமிடத்தில் நூற்று நாற்பதுக்கு வந்து நின்றது. மானிட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பாவும் செய்யலாம், அம்மாயியும் செய்யலாம், தோலுக்கு உறவுமுறை தெரியாது. உங்கள் வீட்டுக்காரரைச் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். முதலில் வெட்கப்படுவார்கள், அப்புறம் எழுந்து போகவே மாட்டார்கள்.

முதல் வாரம் எடை குறையும். 1,380 இருந்த என் பிள்ளை 1,240-க்குப் போனான். இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பினால் சரி. கண்ணைக் கட்டி நீல விளக்கில் வைப்பார்கள், அது மஞ்சள் காமாலைக்கு. ஒரு நாள் நன்றாக இருக்கும், மறு நாள் பால் ஏற்காமல் வயிறு உப்பும், தொற்று என்று ஊசி மாற்றுவார்கள். ஏறுமுகமாகவே போகாது. இதில் நடுவே ஒரு பரிசோதனையை மட்டும் யார் மறந்தாலும் நீங்கள் மறக்கக் கூடாது: கண். 34 வாரத்துக்கு முன்னால் அல்லது 2 கிலோவுக்குக் கீழ் பிறந்த எல்லாக் குழந்தைக்கும், பிறந்து 30 நாளுக்குள் விழித்திரையை ஒரு கண் டாக்டர் பார்த்தாக வேண்டும். ரொம்பவும் சின்னக் குழந்தைக்கு இன்னும் முன்னாலேயே. விழித்திரையில் ரத்த நாளம் தாறுமாறாக வளர்ந்து பார்வையே போய்விடும், வெளியிலிருந்து பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும். வேளையில் கண்டுபிடித்தால் லேசரில் நிறுத்திவிடலாம். நாள் கடந்தால் ஒன்றும் செய்ய முடியாது. டிஸ்சார்ஜ் ஆன சந்தோஷத்தில் இந்தத் தேதியைத் தவறவிட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பையனுக்கு இப்போது எட்டு வயது, கை பிடித்துத்தான் நடத்துகிறார்கள். காது கேட்கும் திறனையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது குழந்தை தானாகச் சூட்டைத் தக்கவைத்துக்கொண்டு, பால் குடித்து, எடை ஏறிக்கொண்டிருக்க வேண்டும். என் மகன் 36-ம் நாள் 1,810 கிராமில் வந்தான். நீங்கள் உடனே மலை ஏறாதீர்கள். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், குளிர் வேறு. நுரையீரலில் இன்னும் சிரமம் இருக்கிற குழந்தைக்கு அந்த உயரத்துக் காற்று ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கண் பரிசோதனை, எடை பார்ப்பது என்று முதல் மாதத்தில் நாலைந்து தடவை வர வேண்டியிருக்கும், அதற்கும் சேலத்தில் இருப்பதே சுலபம்.

வீட்டுப் பெரியவர்களோடு சில விஷயத்தில் மல்லுக்கட்ட வேண்டிவரும். சேனை வைப்பது, தேன், உரைமருந்து, வசம்பு, மூக்கில் எண்ணெய் விடுவது, குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டுவது, இவை எதுவும் இந்தக் குழந்தைக்கு வேண்டாம். சாம்பிராணிப் புகை அந்த நுரையீரலுக்கு விஷம். சண்டையாகச் சொல்லாமல், "டாக்டர் எழுதியே கொடுத்துட்டாங்க அம்மாயி" என்று எங்கள் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். அவர்கள் ஆசையோடு செவ்வாய்ப்பேட்டையில் வாங்கி வைத்திருக்கும் வெள்ளிச் சங்கை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. நாங்களும் பாலாடையில்தான் புகட்டுகிறோம். சங்கைத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, குழந்தையைச் சாய்த்துப் பிடித்து, உதட்டோரம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக. வாயில் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும்.

அப்புறம் வயதுக் கணக்கு. பத்து வாரம் முன்னால் பிறந்த குழந்தை நான்கு மாதத்தில் தலை நிற்கவில்லை என்று பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள். வளர்ச்சிக்கு அந்தப் பத்து வாரத்தைக் கழித்துத்தான் கணக்கு, இரண்டு வயது வரைக்கும். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதியிலிருந்தே கணக்கு. தாமதம் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால், சேலம் அரசு மருத்துவமனையிலேயே குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

பண விஷயம் சுருக்கமாக. அரசு மருத்துவமனையில் அம்மாவுக்கும், நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரையும் சிகிச்சை, மருந்து, போக்குவரத்து இலவசம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய், அதற்குப் பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது கொடுப்பது) வேண்டும். நீங்கள் தோட்டத்தில் வேலைக்குப் பதிவானவர் என்றால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. குறைமாதப் பிரசவம் என்று சான்று காட்டினால் இன்னும் ஒரு மாதம் கூடுதலாகக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதைக் கங்காணி சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தை அங்கே, நீங்கள் வெறும் கையோடு வார்டில், பக்கத்துக் கட்டிலில் எல்லாம் குழந்தை அழும். அந்த ராத்திரிகள் கொடுமையானவை. இரண்டு வாரம் கழித்தும் சாப்பிடப் பிடிக்கவில்லை, தூங்க முடியவில்லை, குழந்தையைப் பார்க்கப் போகவே மனம் வரவில்லை என்றால் எங்களிடம் சொல்லுங்கள், அல்லது 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், தமிழில் பேசுவார்கள். பிரசவமான பல பெண்களுக்கு வருவதுதான், குறைமாதப் பிரசவத்தில் கூடுதலாக வருகிறது, குணமாகிறது.

கடைசியாகத் துணி. பிறக்கும் முன்னால் வாங்கக் கூடாது என்று மாமியார் சொன்னால் அவர் மனதை நோகடிக்க வேண்டாம், கடையில் விற்கும் சட்டை எதுவும் இந்தக் குழந்தைக்குச் சேரவும் சேராது. வீட்டில் நைந்துபோன பருத்தி வேட்டி இருந்தால் இரண்டு எடுங்கள். கொதிநீரில் அலசி, வெயிலில் காயவைத்து, ஏற்காட்டில் வெயில் இல்லையென்றால் இஸ்திரி போட்டு, ஒரு முழச் சதுரமாகக் கிழித்துச் சுத்தமான பையில் கட்டி வையுங்கள். ஆரஞ்சுப் பழம் அளவுக்கு இரண்டு பருத்தித் தொப்பி, கம்பளி வேண்டாம், குத்தும். உங்களுக்கு முன்பக்கம் திறக்கிற நைட்டி நான்கு. ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை எழுதிய தாய் சேய் அட்டை, காப்பீட்டு அட்டை மூன்றையும் ஒரே உறையில் போட்டு அந்தப் பைக்கு மேலேயே வையுங்கள். ராத்திரியில் தேடக் கூடாது.